கம்ப்ரஸர் டேங்க்ல ஊசி ஓட்டை

கார்த்தி: மாமா, கம்ப்ரஸர் டேங்க் அடியில ஊசிமுனை அளவு ஓட்டை. புஸ்ஸுனு காத்து போகுது. எம்சீல் வச்சு அடைச்சா நிக்குமா?

முருகேசன் மாமா: அடைக்காதடா. மொதல்ல ஆஃப் பண்ணி பிளக்க உருவு. தள்ளி நின்னு ஹோஸ் முனை வழியா காத்த இறக்கு. பிரஷர் மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் டேங்க் பக்கம் குனியாத.

கார்த்தி: வெல்டிங் வச்சா?

முருகேசன் மாமா: கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியறது ஒரு ஓட்டைதான். உள்ள தண்ணி நின்ன இடம் பூரா தகடு அரிச்சு மெலிஞ்சிருக்கும். வெல்டு வச்ச ஓரத்துலயே அடுத்தது கிழியும்.

செல்வி அக்கா: 30 செ.மீ. விட்டமுள்ள டேங்க்ல 8 பார் அழுத்தம் இருந்தா, பக்க மூடி ஒண்ணு மேல மட்டும் அஞ்சரை டன்னுக்கு மேல தள்ளுது. ஸ்பிரிங் மாதிரி அமுங்கிக் கிடக்கிற காத்து அது. தண்ணி அப்படி அமுங்காது, அதனாலதான் டேங்க் டெஸ்ட்ட தண்ணி நிரப்பிப் பண்றாங்க.

கார்த்தி: உள்ள அவ்வளவு தண்ணி எங்கேந்துக்கா வருது?

செல்வி அக்கா: காத்துல இருக்கிற ஈரம்தான். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம்னா ஒரு கன மீட்டர்ல சுமார் 24 கிராம் தண்ணி. 8 பாருக்கு அமுக்கி ஆறினதும் அதுல 20 கிராம் உள்ளயே தங்கிடும். நிமிஷத்துக்கு 200 லிட்டர் இழுக்கிற மெஷின் ஒரு மணி நேரம் ஓடினா கால் லிட்டர்!

முருகேசன் மாமா: அதனால வேலை முடிஞ்சதும் தினமும் டேங்க் தண்ணிய வடிச்சு விடணும். 1-2 பார் மிச்சம் வச்சு, அடி வால்வ மெதுவா திற. வெறும் காத்து வர்ற வரைக்கும் விடு. அப்புறம் ராத்திரி திறந்தே கிடக்கட்டும். பால் மாதிரி வந்தா எண்ணெய் கலந்திருக்கு. செங்காவியா வந்தா துரு. மழைக்காலத்துல சொட்டுகூட வரலைன்னா சந்தோஷப்படாத, துருச் செதில் வால்வ அடைச்சிருக்கும்.

செல்வி அக்கா: அந்தக் குட்டித் திருகு வால்வுக்குக் குனிய சோம்பல்பட்டுத்தான் பாதிப் பேர் விட்டுடறாங்க. ஒரு எல்போ (வளைவு ஜாயிண்ட்), அழுத்தம் தாங்குற குழாய், கைப்பிடியத் திருப்பித் திறக்கிற பால் (ball) வால்வு போட்டு முன்பக்கம் கொண்டு வந்துடு. பிவிசி மட்டும் வேணாம், வெடிச்சா சில்லு சில்லாப் பறக்கும்.

கார்த்தி: மோட்டாரும் பம்ப்பும் நல்லாத்தான் இருக்கு மாமா.

முருகேசன் மாமா: அப்ப டேங்க மட்டும் மாத்து. அழுத்தம் மீறினா தானா காத்த வெளிய விடுற சேஃப்டி வால்வு செட்டிங், புது டேங்க்ல ஒட்டியிருக்கிற பெயர்ப் பிளேட்ல போட்டிருக்கிற அழுத்தத்துக்கு மேல போகக் கூடாது. பழச காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி, காத்து சுத்தமா இறங்கினதும், பெரிய துளையா ரெண்டு போட்டு விட்டுடு. வேற யாரும் அதுல காத்து அடைக்கக் கூடாது.