திசை மாறிப்போகும் புயலும் நேரே வரும் புயலும்: கடற்கரை ஊர்களிலிருந்து சில அனுபவங்கள்

வேதாரண்யம் வட்டத்திலிருந்து:

ஆண்டுதோறும் புயல் எச்சரிக்கை வருகிறது, அவற்றில் பல வேறு பக்கம் போய்விடுகின்றன, இருந்தும் ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்குப் போகிறீர்களா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஊரில் 2018 நவம்பரில் கஜா புயல் வருவதற்கு முன்பு பெரும்பாலோர் போனதில்லை. அதன் பிறகு போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றாலும் எல்லோரும் போவதில்லை. போகாதவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தொலைக்காட்சி விவாதங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலையும், 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலையும் வைத்துத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யார் எப்போது பிறந்தார், யாருக்கு எப்போது திருமணம் ஆயிற்று என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் 1977க்குப் பின் பிறந்து வளர்ந்து பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கியவர்கள் வரை பெரும்பாலும் கண்டதெல்லாம், நாகையை நோக்கி வருவதாகச் சொல்லப்பட்டுக் கடைசியில் சென்னைப் பக்கமோ ஆந்திரப் பக்கமோ திரும்பிப்போன புயல்களையும், 2008இல் வந்த நிஷாவைப் போலக் காற்றைவிட மழையாகக் கொட்டி நடவு வயல்களை மூழ்கடித்தவற்றையும்தான். கஜாவும் முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றுதான் அறிவிக்கப்பட்டது. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாற்றினார்கள். இரண்டு நாட்கள் அது நடுக்கடலில் போக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, இதுவும் நம் பக்கம் வராது என்று டீக்கடையில் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. இருந்தாலும் தாழ்வான பகுதிகளிலிருந்து 80,000க்கும் அதிகமானோரை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் சென்றார்கள். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் உயிரிழப்பு பல மடங்காகியிருக்கும் என்பதை அந்த இரவில் இங்கே இருந்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

நவம்பர் 16 அதிகாலையில் அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. நள்ளிரவுக்கு முன்பிருந்தே காற்று வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஓடுகளும் தகரங்களும் பறந்தன, மாமரங்கள் சாய்ந்தன. பிறகு திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. மழைகூட இல்லை. சிலர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, மாட்டைப் பார்க்கவும் பக்கத்து வீட்டாரை விசாரிக்கவும் வெளியே வந்துவிட்டார்கள். அது புயலின் கண். அது கடந்தவுடன் காற்று எதிர்த்திசையிலிருந்து, தெற்கேயிருந்து திரும்பி அடித்தது. வடக்குக் காற்றில் வேர் தளர்ந்து நின்ற மரங்களை இந்த இரண்டாவது காற்றுதான் சாய்த்தது. ஒரு பக்கச் சுவர் விரிசலோடு தப்பிய வீடுகள் இதில்தான் விழுந்தன. புயலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லித்தர முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதே, அது எந்தத் திசையிலிருந்து அடித்ததோ அதற்கு எதிர்ப்பக்கச் சுவரை விட்டு விலகி உட்கார்.

விடிந்து பார்த்தால், கடற்கரையை ஒட்டிய குடியிருப்புகளிலும் உப்பளங்களிலும் கடல் சேறு ஏறிக் கிடந்தது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்து கிடந்தன; வெளிமான்கள் பல செத்து, காரைக்கால் வரை கரை ஒதுங்கின. மின்கம்பங்கள் டெல்டா மாவட்டங்கள் முழுவதும் லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டதை எங்கள் ஊர் மறக்காது. மின்சாரம் திரும்பும்வரை வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். வாடகை நாளுக்கு நாள் ஏறியது. காசு கொடுத்துக் கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்ட நாட்கள் அவை. நிவாரண வண்டிகள் பிரதான சாலையோரத்து ஊர்களிலேயே காலியாகிவிட, உள்ளே இருந்த கிராமங்களில் மக்கள் சாலையை மறித்தார்கள். பெரிய புயல் என்பது ஓர் இரவு, அதன் பிறகான வாழ்க்கை பல மாதம் என்பது அப்போதுதான் புரிந்தது. மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கேட்டு ஆட்கள் வந்து நின்றதைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறு கதையாகிவிடும்.

இனி, ஏன் சிலர் இன்றும் கிளம்புவதில்லை என்பதற்கு வருகிறேன். முதற்காரணம் மாடு. கறவை மாட்டை விட்டுவிட்டு முகாமுக்கு வா என்று சொல்வது, கைமுதலைக் கடலில் போட்டுவிட்டு வா என்று சொல்வதுதான். கஜாவில் கொட்டகையில் கட்டியபடியே செத்த மாடுகள் ஏராளம். இப்போது எங்கள் தெருவில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது: எச்சரிக்கை உறுதியானவுடன் இரண்டு இளைஞர்கள் எல்லார் மாடுகளையும் மேட்டுத் திடலுக்கு ஓட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். அவிழ்த்துவிட்ட மாடு தானே ஒதுங்க இடம் தேடிக்கொள்ளும். இந்த ஏற்பாடு வந்த பிறகு, கிளம்ப மறுத்த கிழவர்களில் பாதிப் பேர் மறுப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது காரணம் கழிப்பறை. வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கும் தாய், கதவுத் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையுள்ள முகாமுக்கு எப்படி வருவாள்? இதை ஆண்கள் யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை.

பட்டுக்கோட்டைப் பகுதியிலிருந்து:

மேலே எழுதிய நண்பர் கடற்கரையைச் சொன்னார். கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்களுக்குப் புயல் என்றால் மழையும் வெள்ளமும்தான் என்று நினைத்திருந்தோம். கஜாவைப் போல இத்தனை வலுவான காற்று இவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று எதிர்பார்த்ததில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை நம்பித்தான் பெண்ணுக்கு நகை, பையனுக்குப் படிப்பு எல்லாமே. சாய்ந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை அறுத்து அப்புறப்படுத்த 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் ஒரு தோப்பு முழுவதும் விழுந்தபோது மரத்தை அறுக்க ஆளும் இல்லை, அறுத்ததை வாங்க ஆளும் இல்லை. தோப்பிலேயே கிடந்து மக்கிய தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நின்ற மரங்களின் குருத்தைக் குடைந்தது. புயலுக்கு அடுத்த ஆண்டின் இழப்பை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

மறுபடியும் தென்னையே வைப்பதா என்பதுதான் அப்போது ஒவ்வொரு வீட்டிலும் நடந்த பேச்சு. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு புயல் வந்தால் என்ன செய்வது என்று என் மகன் கேட்டான். குட்டை ரகம் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும், உயரம் குறைவு என்பதால் காற்றும் குறைவாகப் பிடிக்கும் என்று சிலர் அதற்கு மாறினார்கள். நான் பாதி நெட்டையும் பாதி குட்டையுமாக வைத்து, வரப்போரத்தில் வேறு மரங்களும் நட்டு, நடுவில் ஊடுபயிர் போட்டிருக்கிறேன். எல்லாப் பணத்தையும் ஒரே வகையான மரத்தில் முடக்கக் கூடாது என்பது மகனுடைய வாதம். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வரவு சொல்லும்படியாக இல்லை.

கன்னியாகுமரி மேற்குக் கடற்கரையிலிருந்து:

நீங்களெல்லாம் கரையில் இருந்தவர்கள். எங்களுடைய கேள்வி வேறு: எச்சரிக்கை வரும்போது ஆள் கரையிலேயே இல்லை என்றால் என்ன செய்வது? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் ஒரு முறை கிளம்பினால் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. லட்சத்தீவுக்கு அப்பாலும் போகும். 2017 நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற அளவில் இருந்தது, மறுநாள் காலையிலேயே ஒக்கிப் புயலாகிவிட்டது. அவ்வளவு விரைவில் அது வலுப்பெற்றபோது, கரையில் ஒலிபெருக்கியில் சொன்ன எச்சரிக்கை யாருக்குக் கேட்கும்? வயர்லெஸ் எட்டும் தூரத்தில் இருந்த சிலருக்கு மட்டும், அதுவும் படகிலிருந்து படகுக்குக் கைமாறிப் போய்ச் சேர்ந்தது. தப்பியவர்கள் லட்சத்தீவிலும், கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் வரையிலான துறைமுகங்களிலும் ஒதுங்கினார்கள். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டாத ஆண்டு அது.

இறந்தவர் குடும்பங்களுக்கும் காணாமற்போனவர் குடும்பங்களுக்கும் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் வழங்கியது. காணாமற்போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற சட்ட நிலையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால், என் அக்காள் குடும்பம் போன்றவை நடுத்தெருவுக்கு வந்திருக்கும். அதன் பிறகு செயற்கைக்கோள் தொலைபேசிகளும், கரைத் தொடர்பு எட்டாத இடத்திலும் எச்சரிக்கையைப் பெற்றுத்தரும் நாவிக் கருவிகளும் ஆழ்கடல் படகுகளுக்கு வந்தன. இது பெரிய மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் கருவியில் செய்தி வந்துவிட்டால் மட்டும் படகு திரும்பிவிடுமா? டீசல், பனிக்கட்டி, தொழிலாளர் முன்பணம் என்று லட்சக்கணக்கில் போட்டுக் கிளம்பியவர், மீன் ஏறாத நிலையில் பாதி வழியில் திரும்பினால் அந்தக் கடன் அவர் தலையில்தான் விழும். கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லும் நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன. அந்த நாட்களுக்கான வருமானத்தைப் பற்றியும் அதே அக்கறையோடு பேசினால், எச்சரிக்கையை மதிக்கிறவர்களின் எண்ணிக்கை தானாகக் கூடும் என்பது என் கருத்து. வராத புயலுக்காகக் கரையில் உட்கார்ந்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதை இதுவரை மீனவன் மட்டுமே கொடுத்துவருகிறான்.

கடலூரிலிருந்து:

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ என்ற புயல் எங்கள் மேல் ஏறிப்போனது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் ஒரு காலைப்பொழுதில் போய்விட்டன. அதிலிருந்து எங்களுக்குப் புயல் என்றாலே காற்றுதான். மரக்கிளை கழிப்பது, கூரைமேல் மணல் மூட்டை வைப்பது, தகரத்தைக் கம்பி போட்டுக் கட்டுவது என்று எல்லா ஆயத்தமும் காற்றுக்குத்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றுவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை. காற்றுக்குத் தாங்கிய வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அது வடிவதற்குள், மேற்கே பெய்த மழையால் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. புயல் போய்விட்டது என்று பாயை விரித்துப் படுத்தவர்களை நள்ளிரவில் எழுப்பி அழைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கூரைக்குக் கம்பி கட்டுகிற நாம், அரிசியையும் பத்திரங்களையும் பரண்மேல் ஏற்றுவதையும் அதே மூச்சில் செய்ய வேண்டும்.

வேதாரண்யம் நண்பரிடம் ஒரு கேள்வி. எந்தக் கட்டத்தில் கிளம்புவது என்று உங்கள் தெருவில் எப்படி முடிவு செய்கிறீர்கள்? துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் பார்த்தா?

மீண்டும் வேதாரண்யம் வட்டத்திலிருந்து:

கூண்டையும் பார்க்கிறோம். ஒன்றும் இரண்டும் ஏறினால் தொலைவில் உருவாகியிருக்கிறது என்று பொருள்; எங்கள் மக்கள் அதற்கு அசைய மாட்டார்கள், அசையவும் தேவையில்லை. ஐந்து முதல் ஏழு வரை ஏறினால் ஆபத்து, எட்டு முதல் பத்து வரை பேராபத்து. ஆனால் கூண்டு துறைமுகத்துக்கும் கப்பலுக்குமான குறி; கூரை வீட்டில் இருக்கும் கிழவிக்கு அது போதாது. ஆகவே நாங்கள் வைத்திருக்கும் விதி எளியது: புயல் கரையைக் கடக்கும் என்று வானிலை அறிவிப்பில் சொல்லும் இரண்டு ஊர்களின் இடைவெளிக்குள் நம் ஊர் வந்துவிட்டால், கூரை, ஓட்டு வீட்டுக்காரர்கள் இருட்டுவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், மாடி வீட்டுக்காரர்கள் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். புயல் திசை மாறிப் போனால், வீண் அலைச்சல் என்று யாரும் கேலி பேசக் கூடாது என்பதையும் தெருக் கூட்டத்தில் சேர்த்தே பேசி வைத்திருக்கிறோம். 2020இல் வந்த நிவர், புரெவி புயல்களுக்கு அப்படித்தான் கிளம்பினோம். இரண்டும் எங்கள் மேல் ஏறவில்லை. யாரும் கேலி பேசவும் இல்லை.

கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றி எழுதியதற்குத் தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மகளிர் குழுவினர் பாதுகாப்பு மையத்துக்குப் போய், சாவி யாரிடம் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் தடவை கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை. மறு ஆண்டு தாழ்ப்பாள் மாட்டினார்கள்; ஜெனரேட்டருக்கு இன்னமும் நாங்களே டீசல் வாங்கி வைக்கிறோம்.