புதுப்பிப்பு: நடுங்கிய கேமரா சரியாகிவிட்டது

தம்பியின் போனில் பின்பக்கக் கேமரா நடுங்குகிறது, ஃபோகஸ் நிற்கவில்லை, காதருகே வைத்தால் 'கிர்ர்' சத்தம் என்று எழுதியிருந்தேனே, அது முடிந்தது. மென்பொருள் கோளாறு இல்லை. படம் ஆடாமலிருக்க லென்ஸைக் காந்தமும் கம்பிச்சுருளும் பிடித்து நகர்த்தும், அந்த அமைப்புதான் போயிருந்தது. அவன் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி மேப் பார்த்து ஓட்டுபவன். இந்த அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

பிரிக்கப்போகிறவர்களுக்கு: சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு அணையுங்கள். பின்மூடியைச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக்கை ஓரமாக மட்டும் செருகுங்கள், ஆழமாகப் போனால் கீழே ரிப்பன் கேபிள் (தட்டையான மெல்லிய கேபிள்) இருக்கும். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், அப்புறம்தான் கேமரா கனெக்டர், அதையும் பக்கவாட்டில் நெம்பாமல் நேர்மேலே தூக்க வேண்டும். ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின்படியே காகிதத்தில் ஒட்டி வையுங்கள், ஏனென்றால் குட்டை ஸ்க்ரூ இடத்தில் நீளமானதை முறுக்கினால் போர்டே போய்விடும்.

அந்தச் சுருளைப் பழுதுபார்ப்பதெல்லாம் வீட்டு வேலை இல்லை, முழு கேமரா மாட்யூலையே மாற்றினோம். பின்மூடியை ஒட்டுவதற்கு முன் படம் எடுத்துப் பார்த்தோம், லென்ஸ் மேல் ஒரு தூசி, ஊதுபந்தால் போனது. பழைய பசை போய்விட்டதால் தண்ணீர் தாங்கும் என்று இனி நம்ப முடியாது, மழையில் உறைக்குள்தான்.