நில உபயோகத் திட்டத் திருத்தம்: நஞ்சையைக் குடியிருப்பாக மாற்றக் கேட்கும் மனுவில் கையெழுத்திடலாமா?

தோவாளை வாசி:
எங்கள் பேரூராட்சி கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை வட்டத்தில் உள்ளது. நான்குவழிச் சாலை வேலை தொடங்கியதிலிருந்து வயல்களுக்கு நடுவே மனைப்பிரிவுகள் பெருகிவிட்டன. இப்போது பழைய நில உபயோகத் திட்டத்தைத் திருத்துகிறார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கால்வாயை ஒட்டி 60 சென்ட் நஞ்சை உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைந்த அந்த வயலில் அப்பா காலத்திலேயே தென்னை வைத்துவிட்டோம். புதிய வரைவில் அது விவசாய மண்டலமாகவே இருக்கிறது. அக்கம்பக்கத்து வயல்காரர்கள் அந்தப் பகுதி முழுவதையும் குடியிருப்பாக மாற்றக் கோரும் மனுவில் என் கையெழுத்தையும் கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பழைய சர்வேயர்:
நஞ்சை, புஞ்சை என்பது வருவாய்த் துறையின் பதிவு. விவசாயம், குடியிருப்பு, வணிகம் என்பவை 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் தயாரிக்கப்படும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வகைப்பாடு. தென்னை வைத்ததால் உங்கள் வயல் பதிவேட்டில் புஞ்சையாகிவிடாது. அதுபோலவே, வரைபடத்தில் குடியிருப்பு நிறம் பூசப்பட்டாலும் பதிவேட்டில் அது நஞ்சையாகவே நிற்கும். இதைத் தெரிந்தே குழப்புகிற தரகர்கள் உண்டு.

அடுத்து, நீங்கள் பார்த்தது முறையாக அறிவிக்கப்பட்ட வரைவுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஆட்சேபனைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரப்பட வேண்டும். அரசு ஒப்புதல் அளித்த பிறகும் 32ஆம் பிரிவின்கீழ் மறுஆய்வுக்கு இடமுண்டு. தனி நிலத்துக்கு நில உபயோக மாற்றமும் கோரலாம். ஆகவே இந்த மனுவை விட்டால் கதவு அடைபட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைமடை விவசாயி:
சட்டத்தை ஐயா சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். தோவாளை உள்ளிட்ட நம் நாஞ்சில் நாட்டில் பல இடங்களில் தண்ணீர் வயலிலிருந்து வயலுக்குத்தான் பாய்கிறது, தனி வாய்க்கால் கிடையாது. புறம்போக்காக இருக்கும் கால்வாயும் ஓடையும் புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கோடாக விழும். வரப்பை வெட்டி அடுத்த வயலுக்கு விடும் அந்தப் பாய்ச்சல் எந்தப் படத்திலும் இல்லை. நடுவில் ஒருவர் மண் கொட்டி உயர்த்தினால் கீழே உள்ளவரின் கும்பப்பூ போயிற்று. மழைக்காலத்தில் இதே கதை தலைகீழாக நடக்கும்: வடிய வழியில்லாமல் வெள்ளம் மேல்வயலிலும் வீட்டிலும் தேங்கும். 2021 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகும் மண்டலங்களைச் சர்வே எண் வாரியாகப் பிரிப்பது எனக்கு விளங்கவில்லை. ஒரே மடையில் பாயும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், முழுவதையும் ஓர் அலகாக வைத்து முடிவெடுக்க வேண்டும். உங்கள் 60 சென்ட் கால்வாயை ஒட்டி இருப்பதால் அதற்குக் கீழே யார் யார் பாய்ச்சுகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

ஐந்து சென்ட்:
கடைமடை அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் விவசாய மண்டலம் என்று எழுதிவிட்டால் மட்டும் யாரும் நெல் நடப்போவதில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காமல் நெல் வாழையாகி, வாழை தென்னையாகி, கடைசியில் தரிசாகக் கிடக்கும் நிலம்தான் ஏழைக் குடும்பத்துக்கு மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ விற்கக்கூடிய ஒரே சொத்து. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு வந்த பிறகு அனுமதியில்லாத மனையைப் பதிவு செய்வதும் கடினம். ஊரை ஒட்டிய மேட்டு விளைகளை, அதாவது மேட்டுத் தோட்ட நிலங்களை, குடியிருப்புக்குத் தாராளமாகத் திறந்துவிட்டால் பள்ளத்து வயல் மேல் விழும் நெருக்கடி குறையும். இதை மனுவில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

விளவங்கோட்டுக்காரி:
மாவட்டத்தின் மேற்கே எங்கள் விளவங்கோட்டுப் பக்கம் ஊர் என்று தனியாகத் திரண்டு நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள் இருக்கிறது, ஏலா (வயல்வெளி) மட்டும் பள்ளத்தில் கிடக்கிறது. ஆகவே மேடு, பள்ளம் பார்த்துப் பிரிப்பதே எங்களுக்கும் பொருந்தும்.

தோவாளை வாசி:
அனைவருக்கும் நன்றி. கூட்டு மனுவில் கையெழுத்திடாமல், மேட்டு விளைகளைக் குடியிருப்பாக்கி ஆயக்கட்டை அப்படியே விடும்படி தனியாக எழுதலாம் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம்: எங்கள் நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. சித்தப்பாமார் அனைவரும் கையெழுத்திட வேண்டுமா?

பழைய சர்வேயர்:
வேண்டாம். ஆட்சேபனையை யாரும் தனியாகவே கொடுக்கலாம், நில உரிமையாளராகக்கூட இருக்க வேண்டியதில்லை. கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைத் தவறில்லாமல் எழுதி, புலப்பட நகலில் தண்ணீர் பாயும் திசையைக் குறித்து இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழ்வயல்காரர்கள் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது.