புதுப்பிப்பு: ஜனவரியில் போர்ட்டோ போய் வந்தாச்சு

ஜனவரியில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குப் போனால் மழை கெடுத்துவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன், பலரும் மே மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொன்னீர்கள். தள்ளவில்லை, போய் வந்துவிட்டோம். ஐந்து நாளில் மூன்று நாள் மழைதான். ஆனால் அந்த மழைக்கு ஒதுங்கித்தான் சாவ் பென்டோ ரயில் நிலையத்துக்குள் ஒரு மணி நேரம் நின்றோம், சுவர் முழுக்க ஏறக்குறைய 20,000 நீல ஓடுகள், ஜோர்ஜ் கோலாசு வரைந்தவை, 1415இல் போர்ச்சுகீசியர் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா நகரைப் பிடித்த காட்சிகூட அதில் இருக்கிறது. வெயில் நாளாக இருந்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு ஓடியிருப்போம்.

மழை விட்டதும் 1886இல் திறந்த முதலாம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நடங்கள். மெட்ரோ பக்கத்திலேயே போகும், கீழே டூரோ ஆறு, கரையோரப் பழைய பகுதியான ரிபெய்ராவின் வீடுகள், அப்பப்பா! காற்று மட்டும் காதை அறுக்கும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: தங்குமிடத்தில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். எங்கள் அறையில் இல்லை, முதல் இரவு ஸ்வெட்டரோடுதான் தூங்கினோம். குடையைவிட மழைக்கோட்டும் வழுக்காத செருப்பும் முக்கியம், நனைந்த கல்பாதை செங்குத்தாக இறங்குகிறது.