முடிவு தெரிந்த பிறகும் படிக்கும் துப்பறியும் நாவல்கள்: என் அனுபவம்

இதுவரை எழுதிய நண்பர்களில் பலர், ஒரே இரவில் படித்து முடித்த குற்றப் புனைவுகளைப் பற்றியும், கடைசி அத்தியாயத்தில் கொலையாளியின் முகம் வெளிப்பட்டபோது அடைந்த அதிர்ச்சியைப் பற்றியும் பகிர்ந்திருக்கிறீர்கள். கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகத்தில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றும் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். என் அனுபவம் வேறு. நல்ல துப்பறியும் நாவலை முடிவு தெரிந்த பிறகுதான் நான் முழுமையாக ரசிக்கிறேன். முதல் முறை படிக்கும்போது எழுத்தாளர் காட்டும் திசையில் கண் போகிறது; மறுமுறை படிக்கும்போதுதான், அவர் தடயத்தை எந்த வாக்கியத்தில், எந்தச் சொல்லுக்குப் பின்னால் வைத்திருந்தார், நம் பார்வை அதன்மேல் தங்காமல் நழுவுவதற்கு என்ன செய்தார் என்பது புலப்படுகிறது.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததில் என் தொழிலுக்கும் பங்குண்டு. நான் மருந்தாளுநர். பணியில் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் நிலையில் இருந்த மூத்த கம்பவுண்டர் ஒருவர், அந்தக் காலத்துக் கலவை மருந்துகளை எப்படித் தயாரித்துக் கொடுத்தார்கள் என்பதை வேலை குறைவான மதிய வேளைகளில் எங்களுக்குச் செய்து காட்டுவார். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் கண்ணாடிப் பாட்டிலில் மருந்தை ஊற்றியபின், நீளமான காகிதத் துண்டு ஒன்றை மடித்து, அதன் ஓரத்தைக் கத்தரிக்கோலால் பற்பற்களாக வெட்டி, பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல்லின் அளவு ஒரு வேளை மருந்து. அடியில் மண்டி தங்கும் மருந்தைக் குலுக்காமல் குடித்தால் முதல் வேளைகளில் வெறும் தண்ணீர்தான் வயிற்றுக்குப் போகும், கடைசி வேளையில் மொத்த மருந்தும் சேர்ந்து போகும் என்று ஒவ்வொரு முறையும் அவர் எச்சரிப்பார். அதை முதல்முறை கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, கல்லூரி நாட்களில் படித்திருந்த அகதா கிறிஸ்டியின் முதல் நாவல். அன்று மாலையே அதைத் தேடியெடுத்து மறுபடியும் படித்தேன்.

(அந்த நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லுங்கள், கொலை நடந்த முறையை எழுதப்போகிறேன்.) முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி டார்க்கி நகரத்து மருத்துவமனையில் முதலில் செவிலியராகவும், பிறகு மருந்து வழங்கும் பிரிவிலும் வேலை பார்த்தார். 1920இல் வெளியான அந்த நாவலில், ஒரு மூதாட்டி ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சு சிறிதளவு கலந்த டானிக்கைத் தினமும் குடித்து வருகிறார். பசியைத் தூண்டுவதற்காக அதை மிகக் குறைந்த அளவில் அக்காலத்து மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது வழக்கம். அவர் தூக்கத்துக்காக வைத்திருந்த புரோமைடு பொடியை யாரோ அந்த டானிக்கில் கலந்துவிட, ஸ்டிரிக்னைன் கரைசலிலிருந்து பிரிந்து வீழ்படிவாக அடியில் தங்கிவிடுகிறது. கடைசி வேளை மருந்தில் பாட்டிலின் மொத்த நஞ்சும் சேர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து விஷம் எதுவும் வர வேண்டிய தேவையே இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தே போதுமானதாக இருக்கிறது. டானிக், பொடி, காலியான பாட்டில் ஆகிய மூன்றும் வாசகரின் கண்முன்னே வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன, ஒன்றுகூட மறைக்கப்படவில்லை. மருந்தியல் துறையின் இதழ் ஒன்று அந்த நாவலுக்கு மதிப்புரை எழுதிப் பாராட்டியதைக் கிறிஸ்டி பெரிய பெருமையாகக் கருதினார். அவர் ஏன் அப்படிக் கருதினார் என்பது, பாட்டிலில் காகிதப் பல் ஒட்டிப் பழகியவர்களுக்கு நன்றாகவே புரியும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அந்த ஸ்டிரிக்னைன் நம் ஊர் எட்டி மரத்தின் கொட்டையில் இருக்கும் நஞ்சுதான். எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நமக்கு, அதன் கசப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு கசப்பான ஒன்றை ஒருவருக்குத் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்பது எந்த எழுத்தாளரும் சந்திக்க வேண்டிய சிக்கல். ஏற்கெனவே கசக்கும் டானிக்கிலேயே அதை வைத்துவிட்டதன் மூலம் கிறிஸ்டி அந்தச் சிக்கலைக் கடந்துவிட்டார்.

நஞ்சு விஷயத்தில் இப்படி நேர்மையாக நடந்துகொள்ளும் நாவல்களையே நான் மதிக்கிறேன். துப்பறியும் கதைகளும் எழுதிய ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், 1929இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். இதுவரை யாரும் கண்டறியாத விஷத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. தடயமே விட்டுச் செல்லாத, எந்த ஆய்வகத்திலும் சிக்காத, எங்கோ தொலைதூரக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மூலிகை விஷம் என்று கடைசி நான்கு பக்கங்களில் விளக்கம் சொல்லும் நாவல்களைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் ஏற்படுகிறது. வாசகர் முதல் பக்கத்திலிருந்து செலவிட்ட கவனத்துக்கு அங்கே மரியாதை இல்லாமல் போய்விடுகிறது.

நேர்மையாக எழுதப்பட்ட நஞ்சு கதைக்கு வெளியேயும் பயன்பட்டிருக்கிறது. 1961இல் வெளியான கிறிஸ்டியின் வேறொரு நாவலில் தாலியம் என்னும் நஞ்சு வருகிறது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வது அதன் அடையாளம். 1977இல் கத்தார் நாட்டிலிருந்து லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தபோது, மருத்துவர்களுக்கு நோய் பிடிபடவில்லை. அந்த நாவலை அப்போது படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் குழந்தையின் முடி உதிர்வதைப் பார்த்துத் தாலியமாக இருக்கலாம் என்று சொல்ல, பரிசோதனையில் அது உறுதியானது, குழந்தையும் பிழைத்தது.

தமிழ் மாத நாவல்களில் ஒளித்து வைக்கும் முறை வேறு. கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அவருடைய இரண்டு தடக் கதை தெரிந்திருக்கும். ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை, இரட்டைப்படை அத்தியாயங்களில் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை. இரண்டும் முடிவை நெருங்கும்போது ஒன்றோடொன்று மோதும். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பாக்கெட் நாவலையோ க்ரைம் நாவலையோ ஒன்று வாங்கிக்கொண்டு, சிங்காநல்லூரில் மதுரைப் பேருந்தில் ஏறினால், ஒட்டன்சத்திரம் வருவதற்குள் படித்து முடித்துவிடலாம். அதன்பிறகு மதுரை சேரும்வரை நான் செய்வது, இரட்டைப்படை அத்தியாயங்களை மட்டும் தொடர்ச்சியாகப் படிப்பது. அப்படிப் படிக்கும்போது, இரண்டாவது கதையில் வெறும் பின்னணியாகத் தோன்றிய ஒரு மருத்துவமனையோ, வாடகைக் காரோ, யாரோ ஒருவருக்கு வரும் தொலைபேசி அழைப்போ முதல் கதைக்கான கதவாக முதலிலிருந்தே அங்கே இருந்திருப்பது தெரியவரும். நான் படித்தவரை, நன்றாக அமைந்த நாவல்களில் அந்த இணைப்பு நாவலின் முதல் கால் பகுதிக்குள்ளேயே விதைக்கப்பட்டிருக்கும். கடைசியில் அவசரமாக ஒட்டப்பட்டவற்றை இந்த மறுவாசிப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சுஜாதா கையாண்ட வழியும் தனித்துச் சொல்லத் தக்கது. 1968இல் குமுதத்தில் வந்த தொடரில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷ், பின்னால் வசந்தோடு சேர்ந்தபோது, கதைக்கு ஒரு புதிய மறைவிடம் கிடைத்தது. வசந்த் ஏதோ குறும்பாகச் சொல்வான், கணேஷ் அதட்டுவான், வாசகர் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்தச் சிரிப்பில் கடந்துபோன வரியைத் திரும்பி வந்து பார்க்கும்போது, வழக்குக்குத் தேவையான ஏதோ ஒன்று அங்கேயே சொல்லப்பட்டிருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

ஆனால் என்னை மிகவும் வியக்க வைத்த அனுபவம் பெரியம்மா வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு பைண்டு புத்தகம். எண்பதுகளில் வார இதழ் ஒன்றில் வந்த துப்பறியும் தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பெரியம்மாவே கோணி ஊசியால் தைத்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். இதழின் நடுவிலிருந்த கம்பிப் பின்கள் துருப்பிடித்து, ஒவ்வொரு தாளிலும் இரண்டு சிவந்த புள்ளிகளை விட்டிருந்தன. அத்தியாயம் முடிந்த பக்கத்தின் பின்புறத்தில் பாதி சினிமாச் செய்தியும் பாதி சமையல் குறிப்பும் இருந்தன. தொடரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நூலாக வெளிவரும்போது காணாமல் போய்விடும் ஒன்று அந்தப் பைண்டில் இருந்தது: ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் கட்டம் கட்டி அச்சிட்டிருந்த முன்கதைச் சுருக்கம். முதல் வாசிப்பில் அவற்றையெல்லாம் தாண்டிவிட்டுக் கதையை மட்டும் படித்தேன். முடிவு தெரிந்த பிறகு, சுருக்கங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்க்கத் தோன்றியது. கொலை நடந்த மாலையில் அந்தத் தெருவில் மின்வெட்டு என்பதை ஆரம்ப அத்தியாயம் ஒன்றில் காவலாளி பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்; வேறொரு அத்தியாயத்தில், வீட்டின் அழைப்பு மணி அடித்ததைக் கேட்டு எழுந்து வந்ததாக உறவினர் ஒருவர் சாட்சி சொல்கிறார். மின்சாரமே இல்லாத வீட்டில் மணி அடித்திருக்க முடியாது என்பதில்தான் முழு வழக்கும் நின்றது. முன்கதைச் சுருக்கமோ, காவலாளியின் பெயர், அவர் குடித்த டீ, வாசலில் நின்ற ஸ்கூட்டர் ஆகிய எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மின்வெட்டை மட்டும் விட்டுவிட்டது. உறவினர் மணியோசை கேட்ட செய்தியை அதன்பின் ஒரு வாரம்கூடத் தவறாமல் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது. அதை எழுதியவர் யாராக இருந்தாலும், எதை மறக்கச் செய்ய வேண்டும், எதை மனத்தில் பதிய வைக்க வேண்டும் என்பதை நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார். வாசகரிடம் பொய் சொல்லவில்லை, காவலாளியின் வாக்கியம் அச்சில் அப்படியே இருக்கிறது. அடுத்த இதழுக்காக ஒரு வாரம் காத்திருக்கும் மனம் அதைத் தானாகவே உதிர்த்துவிடும் என்ற கணக்கு மட்டும் அதில் இருந்தது. தொடர்கதைகளை வாராவாரம் படித்த தலைமுறைக்கு எங்களைவிடக் கடினமான புதிர் கிடைத்திருக்கிறது என்று அன்று எனக்குப் பட்டது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவர் அந்த மின்வெட்டை அப்போதே பென்சிலால் கோடிட்டு வைத்திருந்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

அண்மையில் ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மாட்சுமோட்டோவின் ரயில் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் மறுபடியும் படித்தேன். 1957இலும் 1958இலும் ஒரு பயண இதழில் தொடராக வந்த கதை அது. ரயில் கால அட்டவணையைப் பற்றிய கொலைக்கதைக்கு அதைவிடப் பொருத்தமான இதழ் அமைந்திருக்க முடியாது. கியூஷு தீவில் காஷி கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். காதலர்கள் சேர்ந்து செய்துகொண்ட தற்கொலை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இருவரும் டோக்கியோவில் ஒரே ரயிலில் ஏறியதைப் பார்த்த சாட்சிகளும் இருக்கிறார்கள். இறந்த ஆணின் சட்டைப்பையில் ரயிலின் உணவுப் பெட்டியில் சாப்பிட்டதற்கான ரசீது இருக்கிறது. அதில் ஒரு நபர் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. காதலியோடு பயணம் செய்தவர் ஏன் தனியாகச் சாப்பிட்டார் என்ற கேள்வியை உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவர் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். முதல் வாசிப்பில் இந்த ரசீதுதான் என்னையும் கட்டிப்போட்டது.

மறுவாசிப்பில் என் கவனம் சாட்சிகளின் பக்கம் போனது. டோக்கியோ நிலையத்தில் 13ஆம் நடைமேடையில் நிற்பவர்களுக்கு 15ஆம் நடைமேடையில் நிற்கும் ரயில் தெரிய வேண்டுமானால், இடையில் உள்ள தண்டவாளங்களில் வேறு எந்த ரயிலும் நிற்கக் கூடாது. அவ்வளவு பரபரப்பான நிலையத்தில் அந்த மாலை நேரத்தில் அப்படி மறைப்பே இல்லாமல் இருப்பது 5.57 முதல் 6.01 வரை, நான்கே நிமிடங்கள். சாட்சிகள் அந்த நான்கு நிமிடங்களில்தான் அங்கே நின்றிருக்கிறார்கள். தற்செயலாகப் பார்த்தோம் என்று அவர்கள் சொல்வது உண்மை. அவர்களை அந்த நேரத்தில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவருக்கு அது தற்செயல் இல்லை. அந்த மாலைக் காட்சியை முதல் அத்தியாயத்திலேயே மாட்சுமோட்டோ எழுதிவிடுகிறார்: கடிகாரத்தைப் பார்க்கும் கண், நடைமேடையில் சில அடி நகர்ந்து நிற்கும் கால்கள், எதிரே தெரியும் ரயில். முடிவு தெரிந்தபின் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு காரணம் இருப்பதைக் கண்டு, மெதுவாக, வரிவரியாக, நானும் ஒரு காகிதத்தில் நடைமேடைகளை வரைந்து வைத்துக்கொண்டு படித்தேன்.

அதே போலத் தமிழிலும் ரயில் கால அட்டவணையை முடிச்சாக வைத்து எழுதப்பட்ட நாவல் எதையேனும் படித்தவர்கள் இருந்தால், அதன் பெயரையும் இப்போது எந்தப் பதிப்பில் கிடைக்கிறது என்பதையும் இங்கே எழுதுங்கள். பழைய வார இதழ்த் தொடராக இருந்து, யாரிடமேனும் முன்கதைச் சுருக்கத்தோடு பைண்டு செய்த பிரதி இருக்குமானால், அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தர மிகுந்த ஆவலோடு இருக்கிறேன்.