கீமோ நடக்கும்போது தசை கரைவது, பசி போவது: எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது?

கேள்வி: தெஹிவளை_மகள்

அப்பாவுக்கு 61 வயது, இரைப்பையில் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மூன்று கிழமைக்கு ஒருமுறை ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றுகிறார்கள். அதோடு கெப்சிடபின் குளிசை 14 நாள், பிறகு 7 நாள் இடைவெளி. ஐந்து மாதத்துக்கு முன் 67 கிலோ, இப்போது 59. சீனி வருத்தமும் இருக்கு, மெட்ஃபோமின் இரண்டு நேரம் குடிக்கிறார்.

காலையில் இலைக்கஞ்சி, பகல் கரைத்த சோறு, பின்னேரம் எலும்பு சூப், இரவு இரண்டு இடியப்பமும் சொதியும். நாலு வாய்க்கு மேல் வயிறு நிரம்பிவிட்டது என்கிறார். தண்ணீர்கூட இரும்பு மாதிரி ருசிக்குதாம். கன்னப்பொறி குழிந்துவிட்டது, தொடை மெலிந்துவிட்டது. தாழ்ந்த செற்றியில் இருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கு.

இது வருத்தத்தாலா, மருந்தாலா? சாப்பாட்டைக் கூட்டினால் போன தசை திரும்புமா? சொந்தக்காரர் "படுத்து ஓய்வெடுக்கட்டும்" என்கிறார்கள், "சீனியும் சோறும் கான்சரை வளர்க்கும், நிறுத்துங்கோ" என்கிறார்கள். முட்டைக் கோப்பி தினமும் கொடுக்கச் சொல்லியும் ஒருவர் சொன்னார். பசிக்குக் குளிசை கேட்டு வாங்கலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதில் 1: போசாக்கு_கொழும்பு6

தங்கச்சி, 67இல் இருந்து 59 என்றால் 12 வீதம். ஆறு மாதத்துக்குள் 5 வீதத்துக்கு மேல் குறைந்தாலே அதைக் கேகெக்ஸியா (நோயால் தசை கரைந்து மெலிவது) என்று எடுக்க வேண்டும் என 2011இல் சர்வதேச நிபுணர் குழு வரையறுத்தது. சாப்பாடு இல்லாமல் மெலிவதும் இதுவும் ஒன்றல்ல. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்துத் தசையை முடிந்தவரை காப்பாற்றும். இங்கே கட்டி கிளப்பிவிடும் அழற்சி, தசைப் புரதம் உடையும் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. உடைந்து வரும் அமினோ அமிலங்களை எடுத்து ஈரல் சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்களைச் செய்கிறது. ஜி.டி.எஃப்-15 என்ற ஹோர்மோன் மூளைத்தண்டுக்குப் போய்ப் பசியை அடக்கி ஓங்காளத்தைக் கொண்டுவருகிறது. ஒக்ஸாலிபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துகளும் அந்த ஹோர்மோனைக் கூட்டும். ஆகவே வருத்தம், மருந்து இரண்டுமே காரணம். அப்பா பிடிவாதத்தால் சாப்பிடாமல் இல்லை என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 800 கலோரியைத் தாண்டாது, புரதம் 20 கிராமே தேறாது. தேவை ஒரு கிலோ நிறைக்கு 25 முதல் 30 கலோரி. 59 கிலோவுக்கு ஏறத்தாழ 1500 முதல் 1750. புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 1.5 வரை, அதாவது 60 முதல் 90 கிராம். கஞ்சியும் எலும்பு சூப்பும் இந்தக் கணக்கை ஒருநாளும் எட்டாது. சூப்பில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர், உப்பு, கொஞ்சம் ஜெலட்டின். அது வயிற்றை நிரப்பி அடுத்த சாப்பாட்டையும் தடுத்துவிடும்.

நாலு வாய்தான் போகும் என்றால் அந்த நாலு வாயையும் கனமாக்க வேண்டும். முழு ஆடைப் பால்மா 60 கிராமை 200 மில்லி இளஞ்சூட்டு நீரில் கரையுங்கள் (வழமையாகக் கரைப்பதைப் போல் இரண்டு மடங்கு). ஒரு கதலிப்பழமும் ஒரு மேசைக்கரண்டி கச்சான் விழுதும் சேர்த்து அடித்தால் 450 கலோரி, 20 கிராம் புரதம். ஒரே மூச்சில் குடிக்கக் கொடுக்காமல் ஒரு மணித்தியாலத்துக்குப் பரப்புங்கள். சொதியை முதற்பாலில் வைத்து, கொதிக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றி நன்றாக வேகவிடுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். பருப்பைத் தண்ணியாக இல்லாமல் கட்டியாகக் கடைந்து ஒரு தேக்கரண்டி நெய் விடுங்கள். பாரை, சூரை எதுவானாலும் முள் எடுத்து மசித்த மீன் 50 கிராமில் 11, 12 கிராம் புரதம் இருக்கு. சோயா மீற் காய்ந்த நிறையில் பாதி புரதம், அதனால் 30 கிராமை ஊறவைத்துப் பிழிந்து அரைத்துப் பிட்டில் கலந்தால் 15 கிராம் உள்ளே போய்விடும், அவருக்குத் தெரியவும் தெரியாது.

பசியைக் கேட்டுப் பரிமாறாதீர்கள், மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுங்கள். இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு சின்னக் கோப்பை. பெரும்பாலானவர்களுக்குக் காலையில்தான் வாய் திறக்கும், ஆகவே கனமான சாப்பாட்டைக் காலைக்கு மாற்றி இலைக்கஞ்சியை விட்டுவிடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி தள்ளிக் கொடுங்கள். இரும்பு ருசிக்குப் பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டி உதவும், வாயில் புண் இல்லையென்றால் தேசிக்காய்ப் புளியும் உதவும். பொரிக்கும் வாசனையில் ஓங்காளம் வருகிறதென்றால், சமைக்கும் நேரம் அவரைச் சமையலறைக்கு எட்ட இருத்துங்கள்.

சீனி விஷயம். மாச்சத்தை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. ஈரல் தசையின் அமினோ அமிலத்திலிருந்து குளுக்கோசைச் செய்து கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் காப்பாற்றப் பார்க்கும் தசைதான் அதற்கு விறகு. சீனி வருத்தம் இருப்பதால் குளுக்கோசை அளந்து பாருங்கள். பழைய கட்டுப்பாட்டு உணவு அட்டவணை இப்போது பொருந்தாது, எந்த அளவு வரை போகலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொன்று. ரிப்போட்டில் அல்புமின் (இரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) குறைவு என்று கண்டு வெள்ளைக்கருவை மட்டும் கொடுப்பார்கள். அழற்சி இருக்கும்வரை அல்புமின் முட்டையால் ஏறாது. மஞ்சள் கருவை எறிந்தால் முட்டையின் முக்கால்வாசிக் கலோரி குப்பைக்குப் போகிறது.

போன தசை திரும்புமா என்று கேட்டீர்கள். கட்டி அடங்காமல் சாப்பாட்டால் மட்டும் முழுவதும் திரும்பாது. நிறை 59இலேயே நின்றால் அது பெரிய வெற்றி, மருந்து தாங்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. கீமோ அளவை உடலின் உயரம், நிறையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே நிறையுள்ள இரண்டு பேரில் தசை குறைந்தவருக்கே பக்கவிளைவு கூட வரும்.

இடையில் எப்போதாவது ஐந்து நாளுக்கு மேல் ஒன்றுமே இறங்காமல் இருந்தால், உடனே நிறையக் கொடுக்கத் தொடங்காதீர்கள். பொட்டாசியமும் பொஸ்பேற்றும் திடீரென இறங்கி இதயத் துடிப்பு குழம்பலாம். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்து, தயமின் (விற்றமின் பி1) கொடுத்து, மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும்.

பதில் 2: பிசியோ_பம்பலப்பிட்டி

ஓய்வு விஷயத்தை நான் எடுக்கிறேன். புரதம் கொடுத்துவிட்டுப் படுக்கவைத்தால் அது தசையாகாது. தசை இழுபட்டால்தான் "கட்டு" என்ற கட்டளை போகும். படுக்கையில் முதலில் கரைவது தொடையும் பிட்டமும். ஒவ்வொரு கீமோவோடும் சத்தி நிற்பதற்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டும் அடிக்கடி, நீண்ட காலம் போனால் அதே இடத்தைத்தான் மெலியவைக்கும். செற்றியில் இருந்து எழும்ப ஏலாமல் இருப்பது அங்கிருந்துதான்.

முதலில் அளந்து வையுங்கோ. கைப்பிடி இல்லாத சாப்பாட்டு மேசைக் கதிரையைச் சுவரோடு சாத்தி, கையை நெஞ்சில் கட்டி ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கோ. 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் கால் பலம் குறைவு. கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தைத் தையல் நாடாவால் அளவுங்கோ. ஆண்களுக்கு 34 சென்றிமீற்றருக்குக் கீழே என்றால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் 2019இல் ஆசிய நாடுகளுக்கென்று வகுத்த அளவுகள். கணுக்காலை விரலால் அமத்திக் குழி விழுந்தால் நாடாவையும் தராசையும் நம்பாதீங்கோ. நீர் கோத்தால் நிறை ஏறினமாதிரித் தெரியும், உள்ளே தசை போய்க்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கதிரையில் தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்தி, அதிலிருந்து 5 தரம் எழும்பி இருக்கிறது. மூச்சு வாங்க ஒரு நிமிடம் விட்டு இன்னொரு 5. அப்படி மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும், பலம் அந்த இறக்கத்தில்தான் வருகிறது. சுலபமானால் தலையணையை எடுங்கோ. மேசையைப் பிடித்துக் குதிக்கால் தூக்கல் 10. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து முழங்கை மடக்கல் 10. தினமும் இரண்டு தரம் பத்து நிமிட நடை. வெயிலில் காலி வீதிக்கு இறங்க வேண்டாம், மாடி வீட்டு நடைகூடம் போதும். பேச ஏலும், பாட ஏலாது என்ற அளவு மூச்சு சரி. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் அந்தப் பால் கலவையைக் கொடுத்தால் நல்லது.

காய்ச்சல் 38 டிகிரி என்றால், நெஞ்சு நோ, தலைசுற்று என்றால் அன்றைக்கு ஒன்றும் வேண்டாம். பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் அணு) 50,000க்குக் கீழே இறங்கினால் போத்தலையும் தள்ளிவைத்து நடை மட்டும். 20,000க்குக் கீழே டொக்டரைக் கேட்காமல் எதுவும் இல்லை. எலும்பில் பரவியிருந்தால் என்னுடைய பட்டியலை அப்படியே செய்யாதீங்கோ, எந்த எலும்பு என்று பார்த்துத்தான் தொடங்க வேண்டும். ஒக்ஸாலிபிளாட்டினில் பாதம் விறைக்கும். ஈரக் குளியலறையில் வெறுங்காலோடு விடாதீங்கோ, குந்தும் கழிவறை என்றால் மேலே வைக்கும் கொமோட் கதிரை ஒன்று எடுங்கோ.

பதில் 3: வார்ட்_மிஸ்

சமையலை மாற்ற முன் பசியை அடைப்பது எது என்று பாருங்கள். எத்தனையோ பேருக்கு அது மலச்சிக்கல். சத்திக்குக் கொடுக்கும் ஒன்டன்செட்ரோனும் நோவுக்குக் கொடுக்கும் மோர்ஃபீனும் குடலைக் கட்டும். மூன்று நாள் போகாதவருக்குச் சோறு எப்படி இறங்கும்? மலமிளக்கியை நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். மறுபக்கம், கெப்சிடபினில் வழமையைவிட நாலு தரம் கூட வயிற்றால் போனாலோ இரவில் எழும்பிப் போனாலோ அடுத்த குளிசையைக் கொடுக்காமல் அன்றைக்கே வார்டுக்குப் போன் எடுங்கள்.

டோர்ச் அடித்து நாக்கைப் பாருங்கள். வெள்ளையாய்ப் படிந்து, துடைத்தால் சிவந்தால் பூஞ்சணம், அதற்கு மருந்து உண்டு. வாய் கொப்புளிக்க ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா, அதில் பாதி உப்பு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்.

முட்டைக் கோப்பி வேண்டாம், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் வேண்டாம். கோப்பியின் சூட்டில் முட்டை வேகாது, வெள்ளை அணு குறைந்த நாளில் சல்மனெல்லா வந்தால் தாங்கமாட்டார். அதே காரணத்துக்காக வெளியில் வாங்கிய சட்டித் தயிர், பச்சைச் சம்பல், தெருவோர ஜூஸ் எல்லாம் இரத்த எண்ணிக்கை ஏறும்வரை நிற்கட்டும். காய்ச்சல் 38ஐத் தொட்டால் பரசிட்டமோல் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கள்.

நேற்றுச் சாப்பிட்டது இன்று அப்படியே சத்தியாக வந்தால் அது பசிப் பிரச்சினை இல்லை, இரைப்பை வாய் (இரைப்பையில் இருந்து குடலுக்குப் போகும் வழி) அடைபடுகிறது. அன்றைக்கே காட்டுங்கள்.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு விடியற்காலை பஸ் ஏற்றாதீர்கள். எஃப்.பி.சி. (இரத்த அணு எண்ணிக்கை) பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றில் சீனி பார்க்கச் சொன்ன அன்று மட்டும்தான் வேண்டும்.

தெஹிவளை_மகள்

எல்லாருக்கும் மிக்க நன்றி. எலும்பு சூப்பும் இலைக்கஞ்சியும் இன்றோடு நிற்கும். இரண்டு சந்தேகம். பால் கலவையை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிராகக் கொடுத்தால் வாசனை தெரியாது என்கிறார்கள், கொடுக்கலாமா? பசிக் குளிசை பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

பதில் 4: மருந்தாளர்_கொட்டாஞ்சேனை

குளிர் வேண்டாம். அந்த யோசனை மற்றக் கீமோக்களுக்குச் சரி, ஒக்ஸாலிபிளாட்டினுக்கு இல்லை. ஏற்றிய பிறகு ஐந்து நாளளவு குளிர் பட்டால் தொண்டை இறுகி மூச்சு முட்டுவது போல் இருக்கும், விரல் ஊசி குத்தும். ஐஸ், ஃபிரிட்ஜ் தண்ணீர், ஃபிரீசரில் கை வைப்பது எல்லாவற்றையும் அந்த நாட்களில் தவிர்க்க வேண்டும். கலவையை இளஞ்சூட்டில், மூடியுள்ள கோப்பையில் உறிஞ்சு குழாய் போட்டுக் கொடுத்தால் வாசனை அடங்கும்.

கெப்சிடபினைச் சாப்பிட்டு முடித்து 30 நிமிடத்துக்குள் விழுங்க வேண்டும். சோறு போகாத நேரம் அந்தப் பால் கலவையையே சாப்பாடாகக் கணக்கெடுக்கலாம். "சத்துக்கு" என்று வாங்கும் விற்றமின் குளிசையில் ஃபோலிக் அசிட் இருந்தால் கெப்சிடபினின் நச்சுத்தன்மை கூடும், லேபலைப் பாருங்கள்.

பசிக்கு மூன்று மருந்துகள் பேசப்படும். மெஜஸ்ட்ரோல் பசியைத் தரும், ஆனால் ஏறும் நிறை பெரும்பாலும் கொழுப்பும் நீரும்தான், இரத்தக்கட்டி ஆபத்தும் உண்டு. டெக்ஸாமெதசோன் சில கிழமைக்குப் பசியைத் தந்து, பிசியோ சொன்னபடி தொடையைத் தின்னும், சீனியையும் ஏற்றும். மூன்றாவது ஒலன்சபின். இந்தியாவில் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இரைப்பை, கணைய-ஈரல், நுரையீரல் புற்றுநோயாளர்களுக்குக் கீமோவோடு தினமும் 2.5 மில்லிகிராம் வீதம் 12 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவில், 5 வீதத்துக்கு மேல் நிறை ஏறியவர்கள் மருந்து பெற்றவர்களில் 60 வீதம், போலிக் குளிசை பெற்றவர்களில் 9 வீதம். அப்பாவுக்குக் கேட்க வேண்டியது இதைத்தான். இரவில் கொடுப்பார்கள், தூக்கம் வரும். சீனி கூடலாம் என்பதால் அடிக்கடி அளக்க வேண்டும். வயிறு நிரம்பும் உணர்வுக்கு மெட்டொக்ளோபிரமைட் ஏற்கனவே குடிக்கிறார் என்றால் மறக்காமல் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் தசை இறுக்கமும் நடுக்கமும் வரக்கூடும். இரைப்பை வாய் அடைபட்டிருந்தால் மெட்டொக்ளோபிரமைட் கொடுக்கவே கூடாது.

மெட்ஃபோமினையும் ஒருமுறை கேளுங்கள். அதுவே பசியைக் குறைத்து வயிற்றைக் குழப்பும், வாயில் இரும்பு ருசியையும் தரும். நீங்களாக நிறுத்தாமல், இரண்டு கிழமைச் சீனி அளவுகளை எழுதிக்கொண்டு போய் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியோடு, வீட்டில் இருக்கும் கசாயம் உட்பட எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.