வீட்டுக்கு ஏஆர்-15 வாங்கலாமா? தடை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவள் கேட்கிறேன்

பொன்னி_டாலஸ்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம், பதினோரு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீட்டில் திருட்டு. இரண்டுமே நம் ஊர்க்காரர்கள் வீடு, தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து என் கணவருக்குத் தூக்கம் இல்லை. எங்களுக்கு கிரீன் கார்டு வந்து மூன்று மாதம்தான். எச்1பி வேலை விசாவில் இருந்தவரை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்துக்கொள்ளவே சட்டம் விடாது. இப்போது விடும். ஆபீஸ் நண்பர் ஒருவர் அவரைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுட வைத்தார். வந்ததிலிருந்து ஏஆர்-15 ரைபிள் வாங்கலாம் என்ற பேச்சுதான். ஆயிரம் டாலருக்குள் கிடைக்குமாம். கடையில் ஒரு படிவம் நிரப்பினால், பேக்ரவுண்ட் செக் முடிந்து அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்களாம். டெக்சஸில் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். வாஷிங் மெஷின் வாங்கினால்கூட டெலிவரிக்கு ஒரு வாரம் காத்திருக்கிறோம்.

நான் எங்கே நிற்கிறேன் என்றால், 2023 மே 6 அன்று ஆலன் மாலில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றானே, அந்த மால் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். வருஷா வருஷம் தீபாவளிக்கு அங்கேதான் பிள்ளைகளுக்கு ஷூ வாங்குவோம். இறந்தவர்களில் ஹைதராபாத் பக்கத்துப் பெண் ஒருத்தி, பொறியாளர், இருபதுகளில்தான் இருந்தாள். அன்று ராத்திரியே இந்த ரைபிள்களைத் தடை செய்யக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட்டேன். இப்போது அதே ரகத் துப்பாக்கியை என் அலமாரியில் வைக்கச் சொல்கிறார் இவர்.

போன வாரம் சமையல் செய்துகொண்டிருந்தபோது வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. தேடிப்போனால், என் பெண் (இரண்டாம் வகுப்பு) பூஜை அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, மூன்று வயதுத் தம்பியைச் சுவரோரம் உட்கார வைத்து அவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். "அம்மா போ, நாங்க லாக்டவுன் விளையாடறோம், அவன் சத்தம் போட்டா மாட்டிப்போம்" என்றாள். துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்ளப் பள்ளியில் பழக்கும் ஒத்திகை அது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வைத்திருப்பவர்கள் எதற்காக வைத்திருக்கிறீர்கள்? தடை வேண்டும் என்பவர்கள் எதை, எப்படித் தடுக்க வேண்டும் என்கிறீர்கள்? கட்சிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

செல்வம்_ஹூஸ்டன்

தங்கச்சி, நான் ஏஆர் வைத்திருப்பவன். நண்பருடைய பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை, ஒரே ராத்திரியில் இருபது முப்பது வந்து வயலையே உழுதுவிட்டுப் போய்விடும். அதற்குத்தான் வாங்கினேன், இப்போது ரேஞ்சிலும் சுடுகிறேன். அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

முதலில், ஏஆர் என்பது 'அசால்ட் ரைபிள்' இல்லை. 1950களில் அதை வடிவமைத்த ஆர்மலைட் கம்பெனியின் பெயர் அது. ராணுவத்தின் எம்16 விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும். கடையில் விற்கும் ஏஆர் ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டாதான். தொடர்ந்து சுடும் மெஷின் கன்னுக்கு 1934லிருந்தே கடும் கட்டுப்பாடு, 1986க்குப் பிறகு செய்த புதிதைத் தனியார் வாங்கவே முடியாது.

அடுத்து, 1994ல் கிளிண்டன் காலத்தில் தடை வந்ததே, அது எப்படி இருந்தது தெரியுமா? 19 ரகங்களைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். மற்றதற்கு அடையாளப் பட்டியல்: மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றும்படி இருந்து, மடக்கும் தோள்கட்டை, பிஸ்டல் பிடி, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் இடம், தீப்பொறி மறைப்பான் என்று அதில் இரண்டு இருந்தால் தடை. கம்பெனிக்காரன் என்ன செய்தான், பயனெட் மாட்டும் இடத்தைச் சீவி எடுத்தான், மறைப்பானைக் கழற்றினான், வேறு பெயர் வைத்து விற்றான். அதே தோட்டா, அதே வேகம். பயனெட்டால் குத்துப்பட்டு இந்த நாட்டில் எத்தனை பேர் செத்தார்கள்? கொலம்பைன் பள்ளியில் சுட்டது 1999ல், அந்தத் தடை அமலில் இருந்தபோதுதான்.

இன்னொன்று. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக்கில் 32 பேரைக் கொன்றவன் கையில் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கி மட்டும். அதில் இறந்த பேராசிரியர் ஒருவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தவர், நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வகுப்பறையிலேயே சுடப்பட்டார். என் மாமனார் ஊர் அங்கே பக்கம்தான், அந்த வாரம் முழுக்க ஊரே அதைத்தான் பேசியது. எஃப்பிஐ கணக்கில் 2019ல் ரைபிளால் கொல்லப்பட்டவர்கள் 364 பேர், கைத்துப்பாக்கியால் ஆறாயிரத்துக்கும் மேல். ரைபிளைத் தடை செய்துவிட்டுக் காரியம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

இரவுப்பணி

நான் நர்ஸ். பெரிய ட்ராமா (படுகாயச் சிகிச்சை) ஆஸ்பத்திரி ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக வேலை, எந்த ஊர் என்று சொல்லவில்லை.

செல்வம் அண்ணா சொன்ன கணக்கு சரி. எங்களிடம் வருவதில் பெரும்பாலும் கைத்துப்பாக்கிக் காயம்தான். ஆனால் ரைபிள் காயத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கைத்துப்பாக்கித் தோட்டா நொடிக்குச் சுமார் 1,100, 1,200 அடி போகும். ஏஆர் தோட்டா 3,000 அடி. முதலாவது போன வழியில் ஒரு துளை இருக்கும், அது ரத்தக்குழாயையோ இதயத்தையோ தொடாமல் போயிருந்தால் சர்ஜனுக்குப் பிடித்துத் தைக்க ஏதாவது மிஞ்சும். இரண்டாவது கல்லீரலில் பட்டால் தைப்பதற்குத் திசுவே இருக்காது, கஞ்சி மாதிரி ஆகிவிடும். கையில் பஞ்சை வைத்துக்கொண்டு எங்கே அழுத்துவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அது வளர்ந்த ஆளுக்கு. 2022ல் டெக்சஸில் உவால்டே ஊர்ப் பள்ளியில் சுடப்பட்ட பத்து வயதுப் பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தங்கள் பிள்ளைதானா என்று உறுதி செய்யப் பெற்றோரிடம் டிஎன்ஏ எடுத்தார்கள்.

அந்தப் பள்ளிக்கு வந்த போலீஸ்காரர்கள் 376 பேர். 77 நிமிஷம் கழித்துத்தான் அறைக்குள் போனார்கள். உள்ளே இருப்பது ஏஆர் என்று தெரிந்துதான் தயங்கினோம் என்று அவர்களில் சிலரே விசாரணையில் சொன்னார்கள். கவச உடை போட்டவர்களே பயப்படும் ஒரு பொருள், பதினெட்டு வயது முடிந்த மறுநாள் ஒரு பையன் கைக்குக் கடையில் கிடைத்தது. அவன் பிறந்தநாள் மே 16, முதல் ரைபிள் மே 17, எல்லாம் முடிந்தது 24ஆம் தேதி. பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள்.

பயனெட் மாட்டும் இடத்தை விடுங்கள். எனக்கு வேண்டியது இரண்டு: வயது 21, மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது. 2011ல் டூசானில் காங்கிரஸ் உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸைச் சுட்டவன் கையில் இருந்தது கைத்துப்பாக்கிதான், ஆனால் மேகசின் 33 தோட்டா. அது தீர்ந்து அடுத்ததை மாட்டப் போன அந்தச் சில நொடியில்தான் அங்கிருந்த சாதாரண மக்கள் அவனைக் கீழே தள்ளி அமுக்கினார்கள். ஆறு பேர் செத்தார்கள், அதில் ஒன்பது வயதுக் குழந்தையும் உண்டு. பத்துத் தோட்டாவில் அந்த நொடிகள் வந்திருந்தால்? இந்தக் கேள்வி எனக்கு ஷிப்ட் முடிந்து கார் ஓட்டும்போதெல்லாம் வரும்.

குமார்_பால்டிமோர்

சட்டம் படிப்பதில் ஆர்வம் உண்டு, வக்கீல் இல்லை. நான் இருக்கும் மேரிலாந்தில் 2013லிருந்து இந்த ரைபிள்களுக்குத் தடை. கலிஃபோர்னியா 1989லேயே கொண்டுவந்துவிட்டது, ஸ்டாக்டன் பள்ளி மைதானத்தில் ஐந்து குழந்தைகள் இறந்த பிறகு. இல்லினாய், வாஷிங்டன் இரண்டும் 2023ல்.

நாடு முழுக்க ஏன் வராது என்றால், 1994 சட்டத்திலேயே பத்து வருஷக் கெடு இருந்தது, 2004 செப்டம்பரில் காலாவதி ஆனது, யாரும் நீட்டிக்கவில்லை. 2022 ஜூலையில் கீழவையில் 217க்கு 213 என்று ஒரு புதுத் தடை மயிரிழையில் நிறைவேறியது, செனட்டில் அதற்கு வழியே இல்லை. அப்புறம் உச்ச நீதிமன்றம். 2008ல் ஹெல்லர் வழக்கில், துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்றும், மக்களிடம் பரவலாகப் புழங்கும் ஆயுதத்தைத் தடுக்க முடியாது என்றும் 5க்கு 4ல் தீர்ப்பு. அதே தீர்ப்பு, எந்த ஆயுதத்தையும் எங்கேயும் எப்படியும் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்றும் சொல்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. 2022ல் ப்ரூயென் வழக்கு வந்து, இந்த நாட்டின் பழைய சட்ட மரபில் ஒத்த கட்டுப்பாடு இருந்ததா என்று பார் என்றது. துப்பாக்கி உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தம் அரசியல் சாசனத்தில் சேர்ந்தது 1791ல். அன்றைய துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து கிட்டித்து நிரப்பக் கால் நிமிஷமாவது ஆகும். பத்து நிமிஷத்தில் ஆயிரம் தோட்டா சுட்டுத்தள்ளிய 2017 லாஸ் வேகஸ் படுகொலைக்கு அதில் எங்கே மரபைத் தேடுவது?

எங்கள் மேரிலாந்து தடை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூனில் விசாரிக்க மறுத்துவிட்டார்கள், ஆனால் மூன்று நீதிபதிகள் எடுக்கத் தயாராக இருந்தார்கள், நீதிபதி கேவனா தனியாக எழுதி, ஓரிரு வருஷத்தில் எடுத்தாக வேண்டும் என்றார். ஏஆர் ரகம் இரண்டு கோடிக்கும் மேல் புழக்கத்தில் இருக்கிறது என்று துப்பாக்கித் தொழில் அமைப்பே சொல்கிறது. 'பரவலாகப் புழங்குகிறது' என்ற வாதத்துக்கு அதுவே பலம். 2004ல் தடை போனதும் விற்றுத் தீர்த்தார்கள், இப்போது விற்றதையே சாட்சியாகக் கொண்டுவருகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேகலா_சிட்னி

ஆஸ்திரேலியாவில் 1996ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்தார்கள். சில வாரத்திலேயே எல்லா மாநிலங்களும் ஒத்துக்கொண்டு செமி ஆட்டோமேட்டிக் (ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டா சுட்டு, அடுத்தது தானே ஏறும்) ரைபிள்களைத் தடை செய்து, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கி அழித்தார்கள். செய்தது வலதுசாரிப் பிரதமர்தான். அங்கே ஏன் முடியாது?

செல்வம்_ஹூஸ்டன்

மேகலா, அங்கே துப்பாக்கி அரசியல் சாசன உரிமை கிடையாது, அதுதான் வித்தியாசம். இங்கே மக்கள்தொகையைவிடத் துப்பாக்கி அதிகம், 2017லேயே 39 கோடி என்று கணக்கு. எங்கள் பண்ணைக்காரர் மாதிரி ஆளிடம் போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார், கெட்டவர் என்பதால் இல்லை, ஷெரிப் வருவதற்கு அவருக்கு நாற்பது நிமிஷம் ஆகும் என்பதால்.

ஆனால் நர்ஸ் தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வயது 21 விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. கடையில் கைத்துப்பாக்கி வாங்க ஏற்கெனவே 21 ஆக வேண்டும், ரைபிளுக்கு மட்டும் 18 என்பதற்கு என்னிடம் நியாயம் இல்லை. ஃப்ளோரிடாவில் பார்க்லாண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2018ல் குடியரசுக் கட்சி ஆளுநரே அதில் கையெழுத்துப் போட்டார். இங்கே டெக்சஸில் ஆலன் சம்பவம் நடந்த இரண்டாம் நாள், உவால்டே பெற்றோர் சட்டமன்றத்தில் காத்துக் கிடக்க, வயதை உயர்த்தும் மசோதா குழுவில் 8க்கு 5ல் ஜெயித்தது. சபைக்கு வராமலே கெடு முடிந்துவிட்டது. என் தொகுதி உறுப்பினருக்கு அப்போது நான் ஒரு போன்கூடப் போடவில்லை. அடுத்த தடவை போடுவேன். மேகசின் விஷயம் யோசிக்க வேண்டும், பன்றிக் கூட்டம் வந்தால் பத்து போதாது.

பொன்னி, உங்களுக்குச் சொல்வது: திருடனுக்காக ஏஆர் வேண்டாம். நம் வீட்டுச் சுவர் வெறும் ஜிப்சம் பலகை, எந்தத் தோட்டாவும் துளைத்துக்கொண்டு பிள்ளைகள் அறைக்குப் போகும். நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள், கதவுக்கு நல்ல பூட்டு, கேமரா, ஒரு நாய். அதற்கு மேலும் வாங்கினால், பெட்டகம் முதலில், துப்பாக்கி அப்புறம்.

இரவுப்பணி

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 தற்கொலை. மாத்திரை சாப்பிட்டு வரும் பிள்ளைகளில் அநேகம் பேரை நாங்கள் காப்பாற்றி அனுப்பியிருக்கிறோம். துப்பாக்கி என்றால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. பரீட்சையில் மார்க் குறைந்த ஒரு பையன், அப்பாவின் டிராயர், பூட்டு இல்லை. அந்த அப்பா காரிடாரில் உட்கார்ந்து டிராயர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளும் வளர்வார்கள் பொன்னி. இன்றைக்கு ஏழு வயது என்றால் நாளைக்குப் பதினேழு.

பொன்னி_டாலஸ்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு இவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து முழுவதும் படித்தோம். நர்ஸ் அக்கா எழுதிய கடைசிப் பத்திக்கு அப்புறம் இவர் எதுவும் பேசவில்லை. காலையில் எழுந்து லாக்கர் வாடகை எவ்வளவு என்று விசாரித்தார். ஏஆர் வாங்குவது இப்போதைக்கு இல்லை. கைத்துப்பாக்கி பற்றி இன்னும் மனசில் வைத்திருக்கிறார், நான் வேண்டாம் என்கிறேன், அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. சனிக்கிழமை என் பெண் பக்கத்துத் தெருத் தோழி வீட்டுக்கு விளையாடப் போகிறாள். அந்த அப்பா ரேஞ்சுக்குப் போகிறவர். துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று எப்படிக் கேட்பது? தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

இரவுப்பணி

நாய் கடிக்குமா, வேர்க்கடலை அலர்ஜி உண்டா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கா என்று கேட்பீர்கள் இல்லையா, அதே மூச்சில் கேளுங்கள். "எங்க பொண்ணு எல்லா டிராயரையும் திறந்து பாக்கற ஆளு, வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கு?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள், போதும்.

செல்வம்_ஹூஸ்டன்

என்னிடம் இரண்டு வீட்டார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டகத்தைக் காட்டினேன். கேளுங்கள் தங்கச்சி.